ரோட்டில் போகிறவருக்கு ஒரு பாலிசி

போச்சம்பள்ளி என்றதும் பட்டுச் சேலை ஞாபகம் வந்தால், நீங்கள் வண்டியைத் தெலங்கானா பக்கம் திருப்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். அது வேறு போச்சம்பள்ளி. நம்ம போச்சம்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. ஆடும் மாடும் கைமாறும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பேர்போன ஊர். சிப்காட் வந்தது. 2021-ல் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலையும் வந்தது. கொஞ்சம் வடமேற்கே போனால் ஓசூர். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் என்று வண்டி செய்தே வாழ்கிற ஊர். அதைத் தாண்டினால் கர்நாடகா.

வண்டி செய்கிற சீமை. ஆனால், செய்கிறவர்கள் எல்லோரும் புது வண்டியில் போவதில்லை. பெங்களூருக்காரர் ஓட்டி முடித்த பத்து வருஷத்துக் கார், எல்லை தாண்டி இங்கே வந்து இன்னொரு பத்து வருஷம் ஓடும். அந்தக் காரை வைத்திருப்பவரிடம் போய் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற இன்சூரன்ஸ் ரின்யூவல் பற்றிக் கேளுங்கள். ‘‘காரோட மதிப்பு வருஷா வருஷம் குறையுது. பிரீமியம் மட்டும் ஏன் சார் குறைய மாட்டேங்குது?’’ என்பார்.

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1896-ம் வருஷத்துக்கு!

அந்த வருஷம் ஆகஸ்ட் 17. லண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகம். பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற 44 வயதுப் பெண்மணி, பெண்ணோடு வேடிக்கை பார்க்க வந்தவர். எதிரே ஒரு மோட்டார் வண்டி. அது எந்தப் பக்கம் போகும், எப்படி நிற்கும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? திகைத்து நின்றவர் மீது மோதியது. இறந்து போனார். பிரிட்டனில் கார் மோதி உயிரிழந்த முதல் பாதசாரி அவர்தான். விசாரணையில், எதிர்பாராத விபத்து என்று முடிவானது. இனி இப்படி ஒன்று நடக்கவே கூடாது என்று விசாரணை அதிகாரி சொன்னாராம். பாவம், நல்ல மனுஷர். நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில் அமெரிக்காவில் காருக்கு இன்சூரன்ஸ் ஆரம்பித்துவிட்டது. காருக்கென்று தனிப் பாலிசி ஏது? குதிரை வண்டிகளுக்காக எழுதி வைத்திருந்ததையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார்கள்.

ஆனால், இன்சூரன்ஸ் எடுப்பதும் எடுக்காததும் அவரவர் இஷ்டம். இங்கேதான் சிக்கல். அடிபட்டவர் கோர்ட்டுக்குப் போவார். ஜெயிப்பார். தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்காரர் வீட்டுக்குப் போனால், அங்கே பணம் இருக்காது. தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்!

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் முதலில் விழித்துக்கொண்டது. 1925-ல் சட்டம் போட்டு, 1927 முதல் இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது. 1930-ல் பிரிட்டன் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கொண்டுவந்தது. அதில் ஒரு வேடிக்கை. கார்களுக்கு இருந்த வேகக் கட்டுப்பாட்டை நீக்கியதும் அதே சட்டம்தான்; இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியதும் அதே சட்டம்தான். வேகமாகப் போ, ஆனால் இடித்தால் கொடுக்கப் பணம் வைத்துக்கொள் என்று பொருள்.

வெள்ளைக்காரன் ஊரில் வந்தது இங்கே வராமல் இருக்குமா? 1939-ல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. கட்டாய இன்சூரன்ஸுக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. ஆனால் உலகப் போர் குறுக்கே வந்துவிட்டது. தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டு, கடைசியில் அந்த அத்தியாயம் மட்டும் 1946 ஜூலை 1-ம் தேதிதான் அமலுக்கு வந்தது. அன்று முதல், இன்சூரன்ஸ் இல்லாமல் பொது ரோட்டில் வண்டி ஓட்டுவது குற்றம்.

எந்த இன்சூரன்ஸ்? அதுதான் முக்கியம். உங்கள் கார் நசுங்கினால் சட்டத்துக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. நீங்கள் முதல் பார்ட்டி, கம்பெனி இரண்டாவது பார்ட்டி. ரோட்டில் போகிற, உங்களுக்கு முன்பின் தெரியாத அந்த மனிதர் மூன்றாவது பார்ட்டி. கட்டாயம் என்பது அவருக்காக. ‘தேர்ட் பார்ட்டி’ என்று நாம் அலட்சியமாகச் சொல்கிற வார்த்தைக்குள் இருப்பது அந்த மனிதர்தான்.

சென்னைக்கும் இந்தத் தொழிலுக்கும் பழைய பந்தம். மெட்ராஸ் மோட்டார் அண்ட் ஜெனரல் என்று பெயரிலேயே மோட்டாரை வைத்துக்கொண்ட கம்பெனி இங்கே இருந்தது. 1938-ல் பிறந்த யுனைடெட் இந்தியாவும் மெட்ராஸ்தான். இப்படி நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள். 1971 மே மாதம் இந்திரா காந்தி அரசு அவற்றின் நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகள் நாலே நாலு அரசு கம்பெனிகளாகச் சுருங்கின. கல்கத்தாவுக்கு நேஷனல், பம்பாய்க்கு நியூ இந்தியா, டெல்லிக்கு ஓரியன்டல், மெட்ராஸுக்கு யுனைடெட் இந்தியா.

நாலு கடை இருந்தாலும் விலை ஒன்றுதான். ‘டாரிஃப்’ என்று ஒரு புத்தகம். அதில் போட்டிருப்பதுதான் பிரீமியம். 2002-ல் வந்த அகில இந்திய மோட்டார் டாரிஃபைப் புரட்டினால் நம்ம ஓசூர் பக்கத்துக்கு ஒரு சுவாரஸ்யம் கிடைக்கிறது. நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்திருந்தார்கள். சென்னை, பெங்களூரு, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத், ஆமதாபாத், புனே... இந்த எட்டும் ‘ஏ’. மற்ற ஊரெல்லாம் ‘பி’. வண்டி எங்கே ரிஜிஸ்டர் ஆனது என்பதுதான் கணக்கு.

1000 சி.சி.க்கு உட்பட்ட, ஐந்து வயது தாண்டாத கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு நம்பர் என்றால் மதிப்பில் 3.127 சதவிகிதம். ஓசூர் நம்பர் என்றால் 3.039. மூன்று லட்ச ரூபாய் காருக்கு வித்தியாசம் 264 ரூபாய். இரண்டு காரும் தினமும் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் ஒன்றன் பின் ஒன்றாக நின்றாலும், தாளில் அவை வேறு வேறு மண்டலம்!

அதே புத்தகத்தில் வயசுக்கும் ஒரு விலை உண்டு. ‘பி’ மண்டலத்தில் அதே சின்னக் கார் ஐந்து வயதைத் தாண்டினால் 3.191 சதவிகிதம். பத்தைத் தாண்டினால் 3.267. ஆக, பழைய காருக்கு விகிதம் கூடுதல் என்பது இன்று நேற்று வந்த அநியாயம் இல்லை. புத்தகத்திலேயே இருந்தது.

2007 ஜனவரி 1-ம் தேதி முதல் அந்தப் புத்தகத்தின் பிடி தளர்ந்தது. சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே தீர்மானிக்கலாம் என்றாகிவிட்டது. போட்டி வந்தது, தள்ளுபடி வந்தது. ஆனால் தேர்ட் பார்ட்டி பிரீமியம் மட்டும் இன்றைக்கும் மேலிருந்து நிர்ணயிக்கப்படுவதுதான். பேரம் கிடையாது.

சரி, நம்ம நண்பரின் கேள்விக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நாலு லட்ச ரூபாய்க்கு வாங்கிய சின்னக் கார். ஷோரூமைவிட்டு வெளியே வந்ததுமே 5 சதவிகிதம் கழித்து 3,80,000 என்று மதிப்புப் போடுவார்கள். பழைய ‘பி’ மண்டல விகிதப்படி சொந்தச் சேத பிரீமியம் சுமார் 11,548 ரூபாய். பதினோரு வருஷம் கழித்து அதே காரின் மதிப்பு 60,000 என்று வையுங்கள். விகிதம் கூடியிருந்தும் பிரீமியம் 1,960 ரூபாய்தான். இத்தனை வருஷம் க்ளெய்ம் எதுவும் வாங்காதவர் என்றால் 50 சதவிகித போனஸ் போக 980. பார்த்தீர்களா? உங்கள் காருக்காக நீங்கள் கட்டுகிற பணம் குறைந்துகொண்டேதான் வந்திருக்கிறது.

குறையாதது மற்றது. 1000 சி.சி. வரை உள்ள காருக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2014-15-ல் 1,129 ரூபாய். 2022 ஜூன் 1 முதல் 2,094 ரூபாய். 1000 முதல் 1500 சி.சி. வரை என்றால் 1,332 ரூபாயாக இருந்தது, 3,416 ரூபாய் ஆனது. இரண்டரை மடங்குக்கு மேல்! இதன் மீது 18 சதவிகித ஜி.எஸ்.டி. வேறு.

இதில் காரின் வயசு கணக்கிலேயே வராது. எப்படி வரும்? புதுக் கார் மோதினாலும் ஓட்டைக் கார் மோதினாலும் அடிபடுகிற எலும்பு ஒன்றுதானே!

ஏன் இப்படி ஏறியது? கோர்ட் தீர்ப்புகளில் இருக்கிறது விடை. 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இறந்தவரின் வயதுக்கு ஏற்ப எத்தனை வருஷ வருமானம் தர வேண்டும் என்று ஓர் அட்டவணையைத் தெளிவாக்கியது. 2017-ல் பிரணய் சேத்தி வழக்கு. மாதச் சம்பளக்காரருக்கு மட்டுமில்லை, கூலிக்காரருக்கும் எதிர்காலத்தில் வருமானம் கூடியிருக்கும், அதையும் சேர்த்துக் கொடு என்றது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. வயது 32. மாதம் 10,000 ரூபாய். மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான அம்மா. ஷிஃப்ட் முடித்து நடந்து வருகையில் ஒரு கார் மோதி இறந்துவிடுகிறார். பத்தாயிரத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 சதவிகிதம் சேர்த்தால் 14,000. அவர் சொந்தச் செலவுக்கு கால் பங்கு கழித்தால் 10,500. வருஷத்துக்கு 1,26,000. அந்த வயதுக்கு அட்டவணை சொல்லும் எண் 16. பெருக்கினால் 20,16,000 ரூபாய். ஈமச் செலவு போன்றவை தனி.

இருபது லட்சத்துக்கு மேல்! மோதியது 60,000 ரூபாய் பெறுமான கார். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால்? ஓட்டியவரின் நிலத்துக்கும் வீட்டுக்கும் ஆபத்து. அப்படி விற்க எதுவும் இல்லாதவர் என்றால், அந்த அம்மாவும் குழந்தைகளும் 1930-க்கு முந்தைய லண்டனுக்குப் போய்விடுகிறார்கள். கையில் தீர்ப்பு; பையில் ஒன்றும் இல்லை.

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க நடவடிக்கை வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகச் சாலைப் பாதுகாப்புக்கு ஒரு கமிட்டி அமைந்தது. வண்டி வாங்கும்போது இன்சூரன்ஸ் எடுக்கிறார்கள், பிறகு பலர் புதுப்பிப்பதே இல்லை என்ற விஷயம் வெளியே வந்தது. விளைவு? 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷமும் புது டூவீலருக்கு ஐந்து வருஷமும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும் என்று கோர்ட் உத்தரவிட்டது.

புது வண்டிக்கு வழி செய்தாகிவிட்டது. பழைய வண்டி? அது உரிமையாளரின் மனசாட்சியிடமும் போலீஸ்காரரின் ரசீது புத்தகத்திடமும் விடப்பட்டிருக்கிறது. 2019 செப்டம்பர் முதல் அபராதம் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய். சின்னக் காரின் பிரீமியமும் முதல் அபராதமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். ‘மாட்டினால் பார்த்துக்கலாம்’ என்ற நினைப்பு எங்கிருந்து வருகிறது என்பது புரியும்.

அப்படியானால் பழைய கார்க்காரர் செலவைக் குறைக்கவே முடியாதா? முடியும். கத்தரிக்கோலை எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம்.

காரே 40,000, 50,000 பெறும் என்றால் சொந்தச் சேத பாலிசி உங்களுக்குத் தேவையா என்று யோசிக்கலாம். சட்டம் கேட்பது தேர்ட் பார்ட்டி மட்டுமே. ஐந்து வயது தாண்டிய காரின் மதிப்பு உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையே பேசி முடிவு செய்வது. ஏஜென்ட் எழுதியதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பழைய காரில் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகம் உடைந்தால் சாதாரணப் பாலிசியில் பாதிப் பணம்தான் வரும். அந்தப் பாதிக்காக க்ளெய்ம் போட்டு, வருஷக்கணக்கில் சேர்த்த போனஸை இழப்பது புத்திசாலித்தனமா என்று கணக்குப் பாருங்கள். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினாலும் அந்த போனஸ் போய்விடும்.

இந்த போனஸ் காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். மாடு விற்கிறவர் மாட்டைக் கொடுத்துவிட்டுப் பழைய கயிறைக் கையோடு கொண்டுபோவதைப் பல சந்தைகளில் பார்த்திருப்பீர்கள். அப்படித்தான் இதுவும். காரை விற்றாலும் போனஸ் உங்களோடு வரும். பெங்களூருக்காரரிடம் கார் வாங்கினால் அவருடைய போனஸ் உங்களுக்கு வராது. வண்டி கைமாறினால் பாலிசியின் தேர்ட் பார்ட்டிப் பகுதி கூடவே மாறிவிடும். சொந்தச் சேதப் பகுதிக்கு 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். அதில் கோட்டை விட்டவர்கள் ஏராளம்.

இன்னொரு சலுகையும் உண்டு. 2022 அறிவிப்பின்படி ‘வின்டேஜ்’ கார்களுக்கு தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. ஆனால் 2021-ல் வந்த விதிப்படி வின்டேஜ் அந்தஸ்துக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். பதினைந்து வயதுக் காரை வைத்திருப்பவர் இன்னும் 35 வருஷம் பொறுத்திருக்க வேண்டியதுதான்!

ஆக, கத்தரிக்க வேண்டிய இடங்கள் பல. கத்தரிக்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்று. கிருஷ்ணகிரியில் சென்னை ரோடும் சேலம் ரோடும் பெங்களூரு ரோடும் வந்து சந்திக்கின்றன. அங்கே ராத்திரி பகலாக, ரோட்டோரம் டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற யாரோ ஒருவர் இருக்கிறார். உங்கள் காரின் வயசு அவருக்குத் தெரியாது. அவர் பெயர் உங்களுக்குத் தெரியாது. வருஷா வருஷம் நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிற அந்த 2,094 ரூபாய், அவர் வீட்டுக்கான பாலிசி.