பெட்டி வருமுன்னே பேச்சு வந்தது



இந்தக் கலந்துரையாடலுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர் ஒரு தகப்பனார். “அடுத்து வரப்போகும் வீடியோ கேம் கருவி இப்படித்தான் இருக்கும் என்று ஆளாளுக்கு ஒரு படம் போடுகிறார்கள். என் மகன் அதைப் பார்த்துவிட்டு, இப்போது கடையில் இருப்பதை வாங்காதீர்கள், புதியது வரட்டும் என்கிறான். இந்தப் படங்களை நம்பலாமா?” என்று கேட்டார்.

சிறுபிள்ளைகள் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாத கேள்வி இது. சில நூறு வெள்ளி செலவு சம்பந்தப்பட்டது. அதைவிட, வராத பொருளைப் பற்றி நாம் எப்படி ஊகிக்கிறோம், எங்கே தவறுகிறோம் என்பதும் இதில் இருக்கிறது. பிள்ளை பிறக்குமுன் பேர் வைக்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. இந்தத் துறையில் அது எப்படி நடந்தது என்பதற்கு ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

சரிவில் இருந்த நிறுவனம்

ஜப்பானின் கியோத்தோ நகரில் 1889இல் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய நிறுவனம் நிண்டெண்டோ. 1983இல் ‘ஃபாமிகாம்’ என்ற வீட்டு விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதே கருவி வேறு வடிவத்தில் அமெரிக்காவுக்கும் போனது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 62 மில்லியன் கருவிகள் விற்றன.

அதன்பிறகு ஒவ்வொரு தலைமுறையிலும் எண்ணிக்கை குறைந்தது. அடுத்து வந்த சூப்பர் ஃபாமிகாம் 49 மில்லியன். 1996இல் வந்த நிண்டெண்டோ 64, சுமார் 33 மில்லியன். 2001இல் வந்த கேம்கியூப், சுமார் 22 மில்லியனோடு நின்றுவிட்டது. அதே காலத்தில் சோனியின் பிளேஸ்டேஷன் 2 தன் ஆயுளில் 150 மில்லியனைத் தாண்டியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் எக்ஸ்பாக்ஸுடன் களத்தில் இறங்கிவிட்டது.

இந்த நிலையில் 2002இல் நிண்டெண்டோவின் தலைவராகப் பொறுப்பேற்றவர் சத்தோரு இவாத்தா. விளையாட்டுகளுக்கு நிரல் எழுதுபவராகத் தொழிலைத் தொடங்கியவர். 2004 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் ஈ3 கண்காட்சியில், அடுத்த கருவியின் திட்டப் பெயர் ‘ரெவல்யூஷன்’ என்று அறிவித்தார். புரட்சி என்று பெயர் வைத்தாரே தவிர, புரட்சி எதில் என்று அவர் விளக்கவில்லை.

ஊகங்களின் பெருவெள்ளம்

ஓராண்டு கழித்து, 2005 மே மாதம், கருவியின் பெட்டியை மட்டும் காட்டினார்கள். மூன்று டிவிடி உறைகளை அடுக்கிவைத்த அளவில் சிறிய கறுப்புப் பெட்டி. ஆனால் கையில் பிடித்து விளையாடும் கட்டுப்பாட்டுக் கருவியைக் காட்டவில்லை. போட்டியாளர்கள் பார்த்து நகலெடுத்துவிடக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம்.

மூடி வைத்தால் ஆவல் கூடும் அல்லவா? உலகெங்கும் ரசிகர்கள் படம் வரையத் தொடங்கினார்கள். பொத்தான்களே இல்லாமல் முழுக்கத் தொடுதிரையாக இருக்கும் என்றார்கள் சிலர். படம் திரையைவிட்டு வெளியே வந்து நிற்கும் என்றார்கள் வேறு சிலர். சாய்த்தால் உணரும் கருவி உள்ளே இருக்கும் என்றும் ஒரு கூட்டம் சொன்னது.

எல்லாவற்றையும் மிஞ்சியது, அந்தக் கண்காட்சியை ஒட்டிப் பரவிய ஒரு காணொளி. தலையில் கவசம்போல் மாட்டிக்கொண்டு விளையாட்டு உலகத்துக்குள்ளேயே நுழைந்துவிடும் ஒரு கருவியை அது காட்டியது. நிறுவனமே தயாரித்த விளம்பரம்போல் அவ்வளவு நேர்த்தியாக இருந்ததால் பலர் நம்பினார்கள். பிறகு அதைச் செய்த ரசிகரே, தாம் கணினியில் உருவாக்கியது என்று ஒப்புக்கொண்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கண்களை ஒட்டிவைத்துப் பார்க்கும் முப்பரிமாணக் கருவியை நிண்டெண்டோ 1995இலேயே விற்றுப் பார்த்திருக்கிறது. ‘விர்ச்சுவல் பாய்’ என்று பெயர். சிவப்பும் கறுப்புமாக மட்டுமே படம் தெரியும். ஒரு மில்லியன்கூட விற்காமல், ஓராண்டுக்குள் தயாரிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. புரட்சி என்று ரசிகர்கள் கனவு கண்டதற்கு நெருங்கிய உறவான ஒன்றில் அந்த நிறுவனம் பத்து வருடத்துக்கு முன்பே கையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

விடை கண்ணெதிரே இருந்தது

2005 செப்டம்பர் 16ஆம் தேதி, தோக்கியோ விளையாட்டுக் கண்காட்சியில் இவாத்தா மேடையேறினார். சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய அளவில் நீளமான, வெள்ளைநிற ஒரு பொருளைக் காட்டினார். தொலைக்காட்சி ரிமோட்! பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். இதையா இத்தனை நாள் ஒளித்து வைத்தார்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

அன்று ஒரு சிறு படமும் திரையிடப்பட்டது. அதில் விளையாட்டுக் காட்சி எதுவும் இல்லை. கேமரா தொலைக்காட்சிப் பெட்டியின் இடத்தில் இருந்துகொண்டு, விளையாடுகிறவர்களையே பார்த்தது. ஒருவர் தூண்டில் போடுகிறார். ஒருவர் காய்கறி நறுக்குவதுபோல் கையை அசைக்கிறார். ஒருவர் இசைக்குழுவை நடத்துகிறார். வயதான தம்பதியும் அதில் இருந்தார்கள்.

நேயர்களே, கதையின் சாரம் இங்கேதான் இருக்கிறது. ஊகித்தவர்கள் அத்தனை பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உருவாக்கியவர்கள் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பார்த்தார்கள்.

அறிகுறிகள் இல்லாமலும் இல்லை. 2004 கடைசியில் வந்த ‘நிண்டெண்டோ டிஎஸ்’ கையடக்கக் கருவி தொடுதிரையோடு வந்தது. 2005 மே மாதம் ஜப்பானில் வெளியான மூளைப் பயிற்சி விளையாட்டு, அதுவரை வீடியோ கேம் பக்கமே தலைவைத்துப் படுக்காத பெரியவர்களை இழுத்தது. 2004 அக்டோபரில் வந்த ‘வாரியோவேர்’ வரிசை விளையாட்டு ஒன்றில், கருவியையே திருப்பித் திருப்பி விளையாட வேண்டும். சுழற்சியை உணரும் சில்லு விளையாட்டு அட்டைக்குள்ளேயே இருந்தது. சாய்வை உணரும் என்று சொன்ன கூட்டம் அந்த அளவில் சரியாகத்தான் சொன்னது. ஆனால் அது யாருக்காக என்று கேட்க மறந்துவிட்டது.

அம்மா சம்மதிக்க வேண்டும்

அந்த வடிவம் எப்படி வந்தது? ஜப்பானில் விளையாடுவோர் தொகை சுருங்கி வருவதை இவாத்தா கவனித்தார். 1983இல் ஒரு திசைக் குறியும் இரண்டு முக்கியப் பொத்தான்களுமாக இருந்த கட்டுப்பாட்டுக் கருவி, இருபதாண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட பொத்தான்களும் இரண்டு குச்சிகளுமாக வளர்ந்துவிட்டது. பழகியவருக்கு அது ஆயுதம். பழகாதவருக்கு அதைத் தொடவே பயம். அதே வீட்டில் தொலைக்காட்சி ரிமோட்டை மட்டும் பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் எடுக்கிறார்களே, ஏன் என்று அவர் யோசித்தார்.

விளையாட்டு வடிவமைப்பாளர் ஷிகேரு மியாமோத்தோவும் பின்னர் ஒரு பேட்டியில், அம்மாக்கள் வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பும் கருவியே தங்கள் இலக்கு என்றார். அடக்கமான உருவம், சீக்கிரம் இயங்கும் தன்மை, குறைந்த மின்சாரம், இரைச்சல் இல்லாமை. இரவில் விசிறி சத்தம் போட்டால் எந்தத் தாயும் மின்கம்பியைப் பிடுங்கிவிடுவார் என்பதுகூட அவர்கள் கணக்கில் இருந்தது.

உள்ளே இருந்த நுட்பமும் புத்தம் புதியது அல்ல. அசைவை உணரும் அதே வகைச் சில்லு, கார்களின் காற்றுப்பையை விரியச் செய்ய முன்பே பயன்பட்டு வந்தது. நிண்டெண்டோவின் பழைய வடிவமைப்பாளர் குன்பெய் யோக்கோய், பழகி மலிவான நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்து என்று சொல்லி வந்தவர். அவர் 1997இல் காலமானார். அவர் வழி மட்டும் அந்த நிறுவனத்தில் தொடர்ந்தது.

வீட்டைப் பார்த்து வடிவம் அமைப்பது அவர்களுக்குப் புதிதுமல்ல. 1983இல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தார்கள். ஆகவே 1985இல் தங்கள் கருவியை, முன்பக்கம் திறந்து செருகும் வீடியோ டேப் பெட்டிபோல் மாற்றிக் கொண்டுபோனார்கள். அந்த வடிவத்துக்கும் ஒரு விலை இருந்தது. உள்ளே இருந்த இணைப்பு சீக்கிரம் தேய்ந்தது. விளையாட்டு அட்டையை எடுத்து ‘உஃப்’ என்று ஊதிச் செருகும் பழக்கம், அந்தக் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு மறந்திருக்காது.

சிரித்தவர்களும் வரிசையில் நின்றவர்களும்

2006 ஏப்ரலில் கருவியின் பெயர் ‘வீ’ என்று அறிவித்தார்கள். ஆங்கிலத்தில் ‘நாம்’ என்ற சொல்லின் ஒலி. பெயரைக் கேட்டும் பலர் சிரித்தார்கள். போட்டிக் கருவிகள் இரண்டும் உயர்தெளிவுப் படம் காட்ட, இதனால் அது முடியவில்லை. ஆனால் 2006 நவம்பர் 19ஆம் தேதி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது விலை 250 அமெரிக்க வெள்ளி. இரண்டு நாள் முன்பு அங்கு வந்த பிளேஸ்டேஷன் 3இன் தொடக்க விலை 499.

அடுத்த ஆண்டு முழுவதும் பல கடைகளில் ‘வீ’ கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றார்கள். அமெரிக்க முதியோர் இல்லங்களில் அதை வைத்துப் போலிங் போட்டிகள் நடந்தன. வேகமாக வீசியதில் ரிமோட் கைநழுவிப் பறந்த சம்பவங்களும் நடந்து, 2006 டிசம்பரிலேயே மணிக்கட்டு வாரை மாற்றித் தர வேண்டி வந்தது. மொத்தத்தில் 101 மில்லியனுக்கு மேல் விற்றது. 2010இல் சோனியும் மைக்ரோசாஃப்டும் அசைவை உணரும் தங்கள் கருவிகளைக் கொண்டுவந்தன.

கெட்டிக்காரனும் தவறுவான்

இத்தோடு முடித்தால் கதை இனிக்கும். ஆனால் சரித்திரம் அப்படி இல்லை. 2012இல் அதே நிண்டெண்டோ, அதே இவாத்தா தலைமையில், ‘வீ யு’ கருவியை வெளியிட்டது. கையில் ஒரு திரை, தொலைக்காட்சியில் ஒரு திரை. அந்தக் கைத்திரையைப் பெட்டியைவிட்டு அதிகத் தூரம் கொண்டுபோக முடியாது. இது புதிய கருவியா, பழையதற்குத் துணைக்கருவியா என்றே பலருக்கு விளங்கவில்லை. விற்றது 13.5 மில்லியன் அளவுதான். யாருக்கு, எங்கே என்ற கேள்விக்கு அந்த வடிவத்திடம் தெளிவான பதில் இல்லை.

2015 மார்ச்சில் ‘என்எக்ஸ்’ என்ற அடுத்த திட்டத்தை இவாத்தா அறிவித்தார். நான்கே மாதத்தில், 55 வயதில், அவர் மறைந்தார். மறுபடியும் ஊகங்கள் கிளம்பின. முகப்பு முழுவதும் திரையாக இருக்கும் முட்டை வடிவக் கருவி ஒன்று காப்புரிமை விண்ணப்பத்தில் இருக்க, அதுவே என்றார்கள். அதைப் பார்த்து ஒருவர் முப்பரிமாண அச்சில் போலிக் கருவி செய்து படம் வெளியிட, 2016 மார்ச்சில் அதையும் நம்பினார்கள். செய்தவர் சில நாளில் உண்மையைச் சொன்னார்.

அதே ஆண்டு ஜூலையில் ‘யூரோகேமர்’ என்ற பிரிட்டிஷ் இதழ், இருபுறமும் கைப்பிடி கழன்று வரும் கையடக்கக் கருவி, வீட்டில் தொலைக்காட்சியோடும் இணையும் என்று எழுதியது. அதுதான் சரியாயிற்று. அவர்கள் படம் வரையவில்லை. விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்து எழுதினார்கள். அக்டோபரில் வந்த அறிமுகப் படத்தில் விமானப் பயணி, மொட்டைமாடி விருந்து, கூடைப்பந்துத் திடல் என்று மீண்டும் மனிதர்களும் இடங்களுமே முன்னால் நின்றார்கள். அந்த ‘ஸ்விட்ச்’ 2017 மார்ச்சில் விற்பனைக்கு வந்து 150 மில்லியனைத் தாண்டியது. 2025 ஜூனில் வந்த ‘ஸ்விட்ச் 2’ அதே உருவத்தையே பெரிதாக்கிக்கொண்டது.

தகப்பனாருக்கு என் பதில்

ஐயா, படங்களை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நிறுவனமே காட்டிய வடிவம்கூட மாறியிருக்கிறது. 2005இல் பிளேஸ்டேஷன் 3க்கு வளைதடிபோல் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியைச் சோனி காட்டியது. மறு ஆண்டே அதைக் கைவிட்டுப் பழைய உருவத்துக்குத் திரும்பியது.

ஆனால் உங்கள் மகனைத் திட்டவும் வேண்டாம். ஊகிப்பது நல்ல பயிற்சிதான். அடுத்த முறை அவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டும்போது, எவ்வளவு வேகம், எவ்வளவு தெளிவு என்று கேட்பதை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். இதை வீட்டில் எங்கே வைப்பார்கள்? இதுவரை விளையாடாத யார் இதைக் கையில் எடுப்பார்கள்? எடுத்ததும் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியுமா?

மூன்றுக்கும் அவன் பதில் சொல்லிவிட்டால் அந்தப் படத்தை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். சொல்ல முடியாவிட்டால், கடையில் இருப்பதை வாங்கிக்கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு ஆட்டம் ஆடுங்கள். இவாத்தா தேடியது உங்களைப் போன்ற ஆளைத்தான்.