சம்புவராயன் இறந்தானா?

சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அட்டைப் படத்துக்காக ஓவியர் வீட்டுக்குப் பத்து நடை நடப்பார்கள். அணிந்துரை வாங்க ஊர் ஊராகப் போவார்கள். சமர்ப்பணத்தில் தாயார் பெயரைப் போடுவதா, சம்சாரத்தின் பெயரைப் போடுவதா என்று இரண்டு இரவு தூக்கத்தைக் கெடுத்துக் கொள்வார்கள். ஆனால் தலைப்புப் பக்கத்தைப் புரட்டியதும் வருகிறதே பின்பக்கம், அதை மட்டும் அச்சகத்துப் பையனிடம் விட்டுவிடுவார்கள். "வழக்கமா என்ன போடுவீங்களோ அதையே போட்டுடுங்க, தம்பி!" அந்தத் தம்பியும், வேறு யாருடைய புத்தகத்துக்கோ செய்து வைத்த பக்கத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிடுகிறான். விலையை மாற்ற மறந்துவிடுவதும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊர்ச் சரித்திரத்தை எழுதித் தாமே வெளியிட இருக்கிறார். அந்தப் பின்பக்கத்தில் என்னதான் போட வேண்டும் என்று கேட்டார். "உங்கள் ஊரிலேயே அதற்குப் பதில் இருக்கிறது, சார்!" என்றேன். அவர் ஊர் படவேடு.

வேலூரிலிருந்து போளூர் போகும் வழியில் சந்தவாசலில் இறங்கி உள்ளே போக வேண்டும். ஜவ்வாது மலையின் அடிவாரம். கமண்டல நாகநதி பாயும் பூமி. கண்ணுக்கெட்டிய மட்டும் வாழைத் தோட்டம். ஆடி மாதத்தில் ரேணுகாம்பாளைத் தரிசிக்க வருகிற ஜனக் கூட்டத்தைப் பார்க்கிறவர்கள், ஒரு காலத்தில் இது ஒரு ராஜ்யத்தின் தலைநகர் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. படைவீடு என்பதே பழைய பெயர். சோழப் பேரரசு சாய்ந்த பிறகு, பதினான்காம் நூற்றாண்டில், சம்புவராயர்கள் இங்கிருந்து தொண்டை மண்டலத்தை ஆண்டார்கள். பக்கத்திலே ராஜகம்பீர மலை. மலைமேல் அவர்களுடைய கோட்டை.

அந்தக் கோட்டைக்கு 1360-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆபத்து வந்தது. விஜயநகரத்துப் புக்கராயரின் குமாரன் கம்பணன் முள்பாகலிலிருந்து படையோடு புறப்பட்டுப் பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரத்தில் பாசறை இறங்கினான். சம்புவராயன் எதிர்த்தான், தோற்றான். தோற்றவன் ராஜகம்பீர மலைக் கோட்டைக்குள் புகுந்துகொண்டான். கம்பணன் கோட்டையை முற்றுகையிட்டான்.

அதற்கப்புறம் என்ன நடந்தது? இங்கேதான் நம் கதை இரண்டாகப் பிரிகிறது.

'மதுரா விஜயம்' என்ற வடமொழிக் காவியம், கோட்டைக்குள்ளே இருவரும் நேருக்கு நேர் வாட்போர் புரிந்ததாகவும், கம்பணன் சம்புவராயனைக் கொன்றதாகவும் சொல்கிறது. பிறகு அவன் காஞ்சியில் தங்கி, மதுரைச் சுல்தான்மீது படையெடுத்துச் சென்றான் என்று காவியம் தொடர்கிறது.

'ஸாளுவாப்யுதயம்' என்று இன்னொரு வடமொழிக் காவியம் இருக்கிறது. அதன்படி, சம்புவராயனை வென்றவன் கம்பணனுடன் வந்த ஸாளுவ மங்கு என்ற தளபதி. வென்றதோடு விடவில்லை, தோற்ற மன்னனை மறுபடி அவனுடைய சிம்மாசனத்திலேயே உட்கார வைத்தான். அதனால் சம்புவராயனை ஸ்தாபித்தவன் என்ற விருதும் பெற்றான்.

ஒரு மனிதன் செத்தும் போயிருக்கிறான், சிம்மாசனமும் ஏறியிருக்கிறான்! நாவல் எழுதுகிற எனக்கு இரண்டாவது கதைதான் பிடிக்கும். தோற்ற ராஜா உயிரோடு இருந்தால்தானே அடுத்த அத்தியாயத்துக்கு ஆள் கிடைப்பான்? ஆனால் சரித்திரம் எழுதுகிறவர் பிடித்த கதையை எடுத்துக்கொள்ள முடியாது. அவர் மூன்று கேள்வி கேட்கிறார். இந்த நூலை எழுதியது யார்? எந்தக் காலத்தில்? யாருடைய ஆதரவில்?

'மதுரா விஜய'த்தை எழுதியவள் கங்காதேவி, கம்பணனின் மனைவி. சம்பவம் நடந்த காலத்திலேயே வாழ்ந்தவள். விவரம் தெரிந்தவள் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கணவனுடைய வாள் வீச்சைப் பற்றி மனைவி எழுதுவதைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'ஸாளுவாப்யுதய'த்தின் ஆசிரியர் ராஜநாத டிண்டிமர். ஆரணிப் பக்கத்து முள்ளண்டிரத்து டிண்டிமக் கவிகளின் பரம்பரை. பழைய படைவீட்டு ராஜ்யத்து மனிதர் என்றே சொல்லலாம். ஆனால் அவர் எழுதியது நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1485-ல் விஜயநகர சிம்மாசனம் ஏறிய ஸாளுவ நரசிம்மனின் ஆஸ்தானத்தில். அந்த நரசிம்மனின் முன்னோன்தான் மங்கு! பாட்டனாருடைய பெருந்தன்மையைப் பேரனுடைய கவி பாடுகிறார்.

எந்தக் கதையை எவ்வளவு தூரம் நம்புவது என்பது இந்த மூன்று விவரங்களில்தான் அடங்கியிருக்கிறது. கதைக்குள்ளே அந்த விடை இல்லை. கதைக்கு வெளியே, ஓரத்தில் இருக்கிறது.

கங்காதேவியின் பெயர் நமக்குக் கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டம். பல நூற்றாண்டுகள் அந்தக் காவியம் வெளியுலகத்துக்குத் தெரியவில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டுப் புத்தகக் களஞ்சியத்தில், சம்பந்தமில்லாத இரண்டு நூல்களுக்கு நடுவே, 61 பனையோலைகளாக அது அகப்பட்டது. பல ஓலைகள் சிதைந்திருந்தன. சில தொலைந்தே போயிருந்தன. 1916-ல் அச்சேறியது, 1957-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தது. ஓலை இத்தனை பாடுபட்டும் பெயர் பிழைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு சருக்கத்தின் முடிவிலும் இது கங்காதேவி செய்தது, நூலின் பெயர் இன்னது, இத்தனையாவது சருக்கம் என்று குறிப்பு இருந்ததுதான். குறிப்பு ஒரே ஓலையில் இருந்து, அந்த ஓலை செல்லுக்கு இரையாகியிருந்தால்? யாரோ ஒரு ஆஸ்தான வித்துவான் பாடியது என்று பண்டிதர்கள் தீர்ப்பெழுதியிருப்பார்கள். யுத்த காவியத்தை ஒரு பெண் எழுதினாள் என்று ஊகிக்க யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆனால் அவள் ஒன்றைச் சொல்லாமல் விட்டாள்: ஆண்டு. அதனால்தான் காவியத்தின் காலத்தைக் கல்வெட்டுக்களோடு ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் இலக்கணக்காரர்கள் இந்த விஷயத்தில் மகா கெட்டிக்காரர்கள். நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு விதி சொல்லும்போது, நூலைச் செய்தவன் பெயர், நூலின் பெயர், எதைப் பின்பற்றியது, எந்த எல்லைக்குள் வழங்குவது, யார் கேட்கத் தக்கவர் என்று எட்டுச் செய்திகளை எண்ணி வைத்தார். காலமும், அரங்கேறிய களமும், எழுதிய காரணமும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு என்றார். அச்சு இயந்திரம் நம் நாட்டுக்கு வருமுன்பே நமக்குப் பின்பக்கம் இருந்தது என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்!

கல்லில் எழுதியவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. கம்பணன் பாசறை இறங்கிய அதே விரிஞ்சிபுரத்துக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், கன்னடர், தமிழர், தெலுங்கர், லாடர் எல்லோருமாகக் கூடி, இனிப் பெண்ணைக் கன்னிகாதானமாகவே கொடுப்பது, பெண்ணுக்குப் பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று செய்துகொண்ட உடன்படிக்கை அது. மீறினால் ராஜ தண்டனை உண்டு, ஜாதிக்குப் புறம்பு. சம்மதித்தவர்களின் கையெழுத்தும் உண்டு. தேதி எப்படிப் போட்டிருக்கிறார்கள் தெரியுமா? தேவராய மகாராயர் காலம், சகாப்தம் 1347-க்கு மேல் விசுவாவசு வருஷம், பங்குனி 3-ம் தேதி, புதன்கிழமை, அனுஷம். ஆங்கிலக் கணக்கில் 1426-ன் தொடக்கம்.

இவ்வளவும் எதற்கு என்று தோன்றலாம். விசுவாவசு என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் என்ன ஆகும்? 60 வருஷத்துக்கு ஒரு விசுவாவசு வரும். 1965-ல் பிறந்ததும் விசுவாவசுதான், 2025 சித்திரையில் பிறந்ததும் அதுதான். சக வருஷமும் ராஜாவின் பெயரும் சேர்ந்ததால்தான் தேதி ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. பழைய ஏடுகளில் வெறும் வருஷப் பெயரைப் போட்டு முடித்த புண்ணியவான்கள் எத்தனையோ பேர். அவர்கள் எழுதியது எந்தச் சுற்று என்று பண்டிதர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578-ம் வருஷம் அக்டோபர் 20-ம் தேதி அச்சானது. அந்தப் புத்தகமே அதைச் சொல்கிறது. பிற்பாடு 1867-ல் வெள்ளைக்கார சர்க்கார் சட்டமே கொண்டு வந்தார்கள்: ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயர், அச்சிட்ட இடம், வெளியிட்டவர் பெயர், வெளியிட்ட இடம் கட்டாயம் இருக்க வேண்டும். இலக்கிய அபிமானத்தால் அல்ல. 1857-ன் புரட்சி நடந்து பத்து வருஷந்தான் ஆகியிருந்தது, எவன் என்ன அச்சடிக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆயினும் அந்தச் சட்டப்படி சர்க்கார் தயாரித்த புத்தகப் பட்டியலில் பக்கம் எத்தனை, பிரதி எத்தனை, விலை என்ன, உரிமை யாருடையது என்பதெல்லாம் பதிவாயின. தமிழ்ப் புத்தக வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு அது ஒரு புதையல். வேவு பார்க்கப் போட்ட கணக்கு இலக்கியத்துக்கு உதவியது. 2023-ல் இயற்றிய புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது, 2024 மார்ச்சில் பழைய சட்டம் ஒழிந்தது. புதியது பத்திரிகைகளுக்கு மட்டுமே. புத்தகங்களைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆகவே, சொந்தமாகப் புத்தகம் போடுகிறவருடைய பொறுப்பு இப்போது கூடியிருக்கிறது.

என்ன எழுத வேண்டும்? நூலின் பெயர், ஆசிரியர் பெயர். புனைபெயரில் எழுதினால் உரிமைக்கு எதிரே சொந்தப் பெயர் இருக்கட்டும். முதற் பதிப்பு, மாதம், வருஷம். வெளியிட்டவர் விலாசம், அச்சகம், பக்கம், விலை. ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் மத்திய சர்க்கார் நிறுவனம் இலவசமாகத் தரும் 13 இலக்க நூல் எண். அட்டை ஓவியரின் பெயரையும் படம் பிடித்தவரின் பெயரையும் விட்டுவிடக் கூடாது. அவையும் அவரவர் சொத்துத்தான்.

"உரிமை ஆசிரியருக்கே" என்ற வரியைப் பற்றிப் பலருக்கு ஒரு பிரமை உண்டு. அந்த வரியால் உரிமை பிறப்பதில்லை. பதிவு செய்தால்தான் உண்டு என்பதும் இல்லை. 1957-ம் வருஷச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக எழுதியது எழுதியபோதே உங்களுடையது. உங்களுக்குப் பிறகு 60 வருஷம் வாரிசுகளுடையது. முன்பு 50 ஆகத்தான் இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் நூல்களுக்குக் கெடு முடிந்த சமயத்தில், 1992-ல், அதை 60 ஆக்கினார்கள். அந்த வரியின் வேலை வேறு. யாரைக் கேட்க வேண்டும் என்று அது விலாசம் சொல்கிறது. உரிமையை யாருக்காவது கொடுப்பதானால் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷந்தான் செல்லும் என்கிறது சட்டம்.

உரிமை கைமாறிப் போவது விளையாட்டல்ல. பாரதியார் 1921-ல் மறைந்தார். அவருடைய பாட்டுக்களின் உரிமை பல கைகள் மாறிற்று. இசைத்தட்டிலும் சினிமாவிலும் பாடும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. தேசத்துக்கே பாடிய கவியைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று கிளர்ச்சி எழுந்தது. செட்டியார் தம் பங்கை விலை வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் சர்க்கார் உரிமையை நாட்டுடைமை ஆக்கியது.

பதிப்பு வருஷத்தைப் பற்றி எனக்கே ஒரு மனத்தாங்கல் உண்டு. 2004-ல் வந்த என் நாவலை 2019-ல் வேறொரு பதிப்பகம் வெளியிட்டது. பெயர் வேண்டாம். அவர்களுக்கு அதுதான் முதற் பதிப்பாம். "முதற் பதிப்பு: 2019" என்று போட்டுவிட்டார்கள். ஒரு கல்லூரி மாணவி அதை நம்பி, 2012-ல் வந்த வேறொருவர் நாவலின் பாதிப்பு என் நாவலில் தெரிகிறது என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தாள். நல்ல கட்டுரைதான்; மேற்கோள்கள் கூடச் சரியாக இருந்தன. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? என்னைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் பின்பக்கம்.

இன்னும் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. 1954-ம் வருஷத்து நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, வெளியிட்ட 30 நாளுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒரு பிரதியும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதியும் சொந்தச் செலவில் அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் 50 ரூபாய் வரை, அதோடு புத்தகத்தின் விலையும். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சட்டம் இருப்பதே தெரியாது. அனுப்பினால் கன்னிமாராவில் ஒருவர் பிரதியைப் பிரித்து, அட்டையையும் அணிந்துரையையும் தள்ளி, தலைப்புப் பக்கத்தைப் புரட்டி, அதன் பின்பக்கத்தில் இருப்பதைப் பட்டியலில் ஏற்றிக் கொள்வார்.