பார்க்கிங்கில் நிற்கும் புல்லட்

நம் பார்க்கிங்கில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய புல்லட் யாருடையது என்று பலர் கேட்டீர்கள். என்னுடையதுதான். அது பிறந்த இடம் திருவொற்றியூர்.

ராயல் என்ஃபீல்டின் தாய்வீடு இங்கிலாந்தின் ரெட்டிச். எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் 800 புல்லட்டுகள் கேட்டது. அதையொட்டி 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றது, திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது! பேரேடு எழுதிப் பழகிய எனக்கு, கடனாக வந்தது வட்டியோடு திரும்பிய கணக்காகவே இது படுகிறது.

என் வண்டி 1984 மாடல். வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அம்பத்தூரிலிருந்து பாரிமுனை பேங்க்குக்கு அதில்தான் போவேன். ஓய்வுக்குப் பின் பத்து வருடம் சும்மா நின்றது. "வித்துடுங்கப்பா" என்றான் மகன். மனசு வரவில்லை. எஸ்டேட் லேத் பட்டறையில் சிலிண்டரை போர் செய்து, புது பிஸ்டன் போட்டேன். என் முழங்கால் தாங்குமா என்பதுதான் பயம். ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து கிக்கரை மிதித்தேன். மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது. பால்கனியிலிருந்து மனைவி, "டிபன் கட்டணுமா?" என்றார்.

காலை ஏழு மணிக்கு முன் ஸ்டார்ட் செய்ய மாட்டேன், சங்கத்துக்கு இது என் உறுதிமொழி.