அந்துருண்டை முதல் லேசர் வரை

பீரோவில் துணிகளுக்கு நடுவே போட்டு வைக்கும் நாப்தலீன் அந்துருண்டைக்கும் லேசருக்கும் என்ன சம்பந்தம்? ஒரே வார்த்தையில் சொன்னால், திசை! இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்காரர்களின் பெயர் இரண்டு இடங்களில் வருகிறது.

முதலில் வருபவர் கே.எஸ். கிருஷ்ணன். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். 1928-ல் ராமன் விளைவைக் கண்டறிந்தபோது சர் சி.வி. ராமனுடன் உழைத்தவர் என்றுதான் பலருக்கும் இவரைத் தெரியும். 1930-களில் அவர் செய்த வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்றவற்றின் படிகங்களை மெல்லிய இழையில் கட்டி, காந்தப் புலத்தில் தொங்கவிட்டு அளந்தார். ஒரு திசையில் ஒரு அளவு, இன்னொரு திசையில் வேறு அளவு! அதை வைத்தே, உள்ளே தட்டையான மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன என்று கணக்கிட்டார்கள். படிகம் என்றால் திசை முக்கியம் என்பது அதில் தெளிவானது.

1960-ல் லேசர் வந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஃபிராங்கன் குழுவினர் சிவப்பு லேசரைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் செலுத்தினார்கள். அலைநீளம் பாதியாகக் குறைந்த ஒளியும் சேர்ந்து வெளியே வந்தது. கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் லேசரை 532 நானோமீட்டர் பச்சை ஒளியாக மாற்றுவதும் இதே வித்தைதான்.

இதற்கு கரிம மூலக்கூறுகள் நன்றாக உதவும் என்று பிறகு தெரிந்தது. ஒரு முனை எலக்ட்ரானைக் கொடுக்க, மறுமுனை இழுத்துக்கொள்ளும்படி மூலக்கூறை வடிவமைக்கலாம். ஆனால் படிகமாகும்போது இரண்டிரண்டாக எதிரெதிராக நின்றுவிட்டால் ஒன்றின் விளைவை மற்றது அழித்துவிடும். உழைப்பெல்லாம் வீண்! சரியாக நின்றாலும் இன்னொரு தொல்லை உண்டு. பீக்கரில் வளரும் படிகம் எல்லாப் பக்கமும் வளரும். நமக்கு வேண்டிய திசையில் அதை வெட்டி எடுத்தால் பெரும்பகுதி கழிவாகப் போகும். மாதக்கணக்கில் காத்திருந்து வளர்த்த பொருள் அது. நஷ்டம்தானே?

இங்கேதான் இரண்டாவது முறையாக நம்மவர்கள் வருகிறார்கள். ஒருவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சி மையத்தை உருவாக்கிய பேராசிரியர் பி. ராமசாமி. மற்றவர் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே. சங்கரநாராயணன். இருவரும் 2005-ல் ஒரு புதிய முறையை வெளியிட்டார்கள். ஒரு கண்ணாடிக் குழாயின் அடியில், வேண்டிய திசை மேலே பார்க்கும்படி சிறிய விதைப் படிகத்தை வைக்கிறார்கள். மேலே செறிவான கரைசலை ஊற்றுகிறார்கள். குழாயின் மேல்பகுதியைச் சற்றே சூடாக வைத்தால் கரைப்பான் மெதுவாக ஆவியாகும். படிகம் வேறு வழியில்லாமல் அந்த ஒரே திசையில் மேல்நோக்கி வளரும். கரைந்திருந்த பொருள் ஏறக்குறைய முழுவதும் படிகமாகிவிடும். முதலில் அவர்கள் வளர்த்துக் காட்டியது பென்சோஃபீனோன் படிகம். இன்று ஆய்வுக் கட்டுரைகளில் இது சங்கரநாராயணன்-ராமசாமி முறை, சுருக்கமாக எஸ்.ஆர். முறை என்றே குறிப்பிடப்படுகிறது.

இதனால் கரிமப் படிகங்கள் எல்லாவற்றையும் வென்றுவிட்டன என்று சொல்ல முடியாது. அவை மென்மையானவை, பலவும் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். பென்சோஃபீனோனே 48 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிவிடுகிறது. பச்சை லேசர் பேனாக்களில் அதிகம் பயன்பட்டது கே.டி.பி. என்ற கனிமப் படிகம்தான். ஆனால் எஸ்.ஆர். முறை கரிமப் படிகங்களோடு நிற்கவில்லை, சில கனிமப் படிகங்களை வளர்க்கவும் பயன்பட்டது. கோடிக்கணக்கில் விலையுள்ள கருவி இல்லாமல், கண்ணாடிக் குழாய், சூடேற்றும் வளையம், வெப்பக் கட்டுப்பாடு ஆகியவற்றை வைத்தே ஒரு கல்லூரி ஆய்வகம் இதைச் செய்து பார்க்கலாம்.

கிருஷ்ணன் இழையில் கட்டித் தொங்கவிட்டார். இவர்கள் குழாயில் ஊற்றி வளர்த்தார்கள். பணம் குறைவாக இருந்தாலும் கேள்வி சரியாக இருந்தால் விடை கிடைக்கும் என்பதற்கு இந்த இரண்டுமே சாட்சி.