வொட்சனுக்குக் கிடைச்ச பொறுமை பத்திரணவுக்கு ஏன் கிடைக்கல்ல?

2025 டிசம்பர் 16. அபுதாபியில நடந்த ஐபிஎல் ஏலத்தில் மதீஷ பத்திரணவை 18 கோடி இந்திய ரூபாய்க்குக் கொல்கத்தா வாங்கியது. ஒரு மாதத்துக்கு முன்புதான் சென்னை அவரை விடுவித்திருந்தது. பெரியநீலாவணையில இருந்து மருதமுனை, கல்முனை வரைக்கும் எங்கட பொடியன்மார் அண்டைக்குக் கதைச்சது ஒரே கதைதான்: 18 கோடி பெறுமதியான ஆளை, 13 கோடி குடுத்துத் தக்கவச்சிருந்த டீம் ஏன் விட்டது?

இந்தக் கேள்வி பத்திரணவோட முடியுற ஒன்றல்ல. வெளிநாட்டில இருந்து காசு குடுத்துக் கொண்டு வந்த ஆள் சறுக்கினால் டீம் என்ன செய்யவேணும் என்பது பழைய பிரச்சினை. ஐபிஎல் பதினொருவரில் நாலு வெளிநாட்டவருக்குத்தான் இடம். உள்ளூர்ப் பையன் ரெண்டு மெட்ச் சொதப்பினால் யாரும் பெரிசாக் கவனிக்க மாட்டார்கள். வெளிநாட்டுக்காரன் சொதப்பினால், அந்த நாலில் ஒன்று வீணாகப் போகுது என்று உடனே கணக்குப் பார்ப்பார்கள். எங்கட மென்பந்துச் சுற்றுப்போட்டிகளிலயும் இதே சங்கதிதான். வெளியூர்ப் பிளேயர் ஒருத்தரை இறக்கி, அவர் முதல் மெட்சில டக் அடிச்சால், அடுத்த மெட்ச் வரைக்கும் அவரை ஒரு மனிதராகவே பார்க்க மாட்டம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். ஷேன் வொட்சனை 2018இல் சென்னை 4 கோடிக்கு வாங்கியது. அந்த வருட இறுதிப் போட்டியில் ஆட்டமிழக்காமல் 117 அடித்துக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் அதே ஆளுக்கு மட்டையில் பந்தே படவில்லை. மெட்சுக்கு மெட்ச் சின்னச் சின்ன ஓட்டங்கள்தான். வயது 37. வெளியில சாம் பில்லிங்ஸ் வாய்ப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தோனியும் பயிற்றுவிப்பாளர் ஃபிளெமிங்கும் அசையவில்லை. ஏப்ரல் 23ஆம் திகதி சேப்பாக்கத்தில் ஹைதராபாத்துக்கு எதிராக 53 பந்துகளில் 96 வந்தது. (இலங்கையில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து ரெண்டாம் நாள் அது. சில நாட்களில் எங்கட பக்கம் ஊரடங்கு. அந்த மெட்சை நேரலையாகப் பார்த்த ஞாபகம் எங்களில் ஒருத்தருக்கும் இல்லை.)

மே 12, ஹைதராபாத்தில் இறுதிப் போட்டி. மும்பை 149. வொட்சன் முழங்காலில் இரத்தம் வடிய வடிய 59 பந்துகளில் 80 அடித்தார். பிறகு ஆறு தையல் போட்டார்கள் என்று ஹர்பஜன் சிங் சொல்லித்தான் உலகத்துக்கே தெரியும். ஒரு சீசன் முழுக்கக் காட்டிய பொறுமைக்கான வட்டி அந்த இன்னிங்ஸ்.

ஆனால் அதே மெட்சில எதிர்ப்பக்கமும் ஒரு பொறுமைக் கதை ஓடியது. சொல்லப்போனால் அதுதான் எங்கட கதை: லசித் மாலிங்க.

2008இல் முதலாவது ஐபிஎல் ஏலத்திலேயே மாலிங்கவை மும்பை வாங்கிவிட்டது. முழங்கால் காயத்தால் அந்த சீசனில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. மும்பை காத்திருந்தது. 2009இல் 18 விக்கெட். 2011இல் 28 விக்கெட்டோட ஊதாத் தொப்பி. பிறகு ஓட்டம் குறைஞ்சது, காயங்கள் வந்தது, 2018 ஏலத்தில் யாருமே வாங்கவில்லை. மும்பையும் வாங்கவில்லை. அங்கதான் மும்பை ஒரு வேலை பார்த்தது. பந்துவீச்சு ஆலோசகராக அவரைக் கூடவே வைத்துக்கொண்டது. அடுத்த ஏலத்தில் அடிப்படை விலையான 2 கோடிக்கு மறுபடி வீரராக எடுத்தது. 2019 ஏப்ரல் 3ஆம் திகதி இரவு மும்பையில் சென்னைக்கு எதிராக 3 விக்கெட். மறுநாள் பல்லேகலையில் காலி அணிக்காக 49 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். முடிஞ்ச ஆள் என்று ஏலத்தில் எல்லாரும் முடிவு பண்ணின மனுசன் செய்த வேலை இது.

இறுதிப் போட்டியில் அவருடைய முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்கள் போயிருந்தது. 16ஆவது ஓவரில் மட்டும் 20. கடைசி ஓவரில் சென்னைக்கு 9 தேவை, வொட்சன் நிற்கிறார். ஹர்திக் பாண்ட்யாவிடம் ஓவர் மிச்சம் இருந்தது. அண்டைய கணக்கை மட்டும் பார்த்தால் மாலிங்கவிடம் பந்தைக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை. ரோஹித் சர்மா அவரிடம்தான் கொடுத்தார். ஒன்று, ஒன்று, ரெண்டு. நாலாவது பந்தில் ரெண்டாவது ஓட்டத்துக்கு ஓடிய வொட்சன் ரன் அவுட். அஞ்சாவது பந்தில் ஷர்துல் தாக்குர் ரெண்டு எடுத்தார். கடைசிப் பந்தில் ரெண்டு தேவை. வேகத்தைக் குறைத்து மாலிங்க காலடியில் இறக்கினார், எல்பிடபிள்யூ. மும்பைக்கு ஒரு ஓட்டத்தால் வெற்றி.

சறுக்கிய ரெண்டு வெளிநாட்டவர், பொறுமை காட்டிய ரெண்டு டீம், ஒரு கிண்ணம். யார் செய்தது சரி? ரெண்டு பேரும் சரி என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். தோற்ற சென்னையும் வொட்சன் இல்லாமல் அந்தக் கடைசி ஓவருக்கே வந்திருக்காது.

பொறுமை எப்பவும் பலிக்கும் என்றும் இல்லை. 2020இல் அதே வொட்சனுக்கு அதே பொறுமை காட்டினார்கள். துபாயில் பஞ்சாப்புக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 83 அடித்தார். அதோட சரி. 11 மெட்சில 299 ஓட்டங்கள், சென்னை வரலாற்றில் முதல் தடவையாக பிளே ஓஃப் போகாமல் வீட்டுக்குப் போனது. அதுக்கும் முந்தி, 2009இல் 15.5 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கிய ஃப்ளின்டோஃப் மூன்று மெட்சோட காயப்பட்டுக் கிளம்பினார். உடம்பு விட்டுக்கொடுத்தால் பொறுமையால் ஒன்றும் செய்ய ஏலாது.

இனி பத்திரண. 2022இல் காயமடைந்த அடம் மில்னுக்குப் பதிலாக வந்தவர். ஐபிஎல்லில் வீசிய முதல் பந்திலேயே சுப்மன் கில்லின் விக்கெட். 2023இல் 12 மெட்சில 19 விக்கெட், டீமுக்குக் கிண்ணம். அந்த வருடம் தோனி அவரை எப்படிப் பாவித்தார் என்று கவனித்தால் விசயம் விளங்கும். புதுப் பந்தைக் கொடுக்கவில்லை, கடைசி ஓவர்களுக்காகப் பொத்திப் பொத்தி வைத்தார். குஜராத்துக்கு எதிரான தகுதிச் சுற்றில், மைதானத்துக்கு வெளியே இருந்து வந்த பத்திரண உடனே பந்துவீச ஏலாது என்று நடுவர்கள் சொல்ல, தோனி அவர்களோட கதைச்சுக் கதைச்சே நேரத்தைக் கடத்தினார். 2024இல் காயத்தோட நாடு திரும்ப முந்தி ஆறே மெட்சில 13 விக்கெட்.

2025இல் 12 மெட்ச் ஆடி அதே 13 விக்கெட்தான். ஓவருக்குப் பத்துக்கு மேல ஓட்டம், கட்டுப்பாடில்லாத அகலப் பந்துகள். சென்னை முதல் தடவையாகக் கடைசி இடம். சென்னையின் பக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேணும். துடுப்பாட்டக்காரன் சறுக்கினால் பத்துப் பந்தோட போய்விடுவான். பந்துவீச்சாளன் சறுக்கினால் 24 பந்தும் அதுக்கு மேல அகலப் பந்தும் எதிரணிக்குச் சேரும். 13 கோடியை விடுவித்தால் ஏலத்தில் மூன்று நாலு பேரை எடுக்கலாம்.

இருந்தாலும் எங்களுக்கு மனசு ஒப்பவில்லை. 37 வயசுக்காரருக்கு, பேர் பெற்ற அவுஸ்திரேலியருக்கு ஒரு சீசன் முழுக்கக் காத்திருந்த டீம், 22 வயசுப் பொடியனுக்கு ஒரு மோசமான சீசனோட கதவைச் சாத்தியது. வயசைப் பார்த்தால் பொறுமை மறுபக்கம்தான் போயிருக்கவேணும். வொட்சனின் உச்சம் முடிஞ்சுபோன ஒன்று. பத்திரணவின் உச்சம் எதுவென்று இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. அதோட, அவருக்குத் தேவைப்பட்டது வெறும் வாய்ப்பு இல்லை. 2023இல் கிடைச்ச மாதிரி அளவோட குடுக்கப்பட்ட வேலையும், கையின் கோணத்தைச் சரிசெய்ய கூடவே நிற்கிற ஒரு ஆளும்தான். மாலிங்கவை மும்பை 2018இல் வீரராக எடுக்காமலேயே தன்னோட வைத்திருக்க வழி கண்டது. சென்னை 13 கோடி கொடுத்தும் அப்படி ஒரு வழியைத் தேடவில்லை.

இப்ப அந்த வேலை கொல்கத்தாவின் கையில. எங்கட ஊர்ப் பொடியன்மார் நிறையப் பேரிடம் மஞ்சள் சேட்டுத்தான் இருக்குது. சேப்பாக்கத்தில பத்திரண ஊதாச் சேட்டோட வந்து பந்து போடக்குள்ள யாருக்குக் கை தட்டுறது என்று இப்பவே வாக்குவாதம் தொடங்கியாச்சு.