பச்சைப் பட்டையின் கதை

"உங்கள் தளத்துக்கு ஆயிரம் பேக்லிங்க் வாங்கித் தருகிறோம், கூகிளில் முதலிடம் நிச்சயம்!" இப்படி ஒரு மின்னஞ்சல் வராத இணையதளக்காரர் இருக்க மாட்டார். இந்த வியாபாரம் எங்கே ஆரம்பித்தது? இணைப்புகளுக்கு நிஜமாகவே அவ்வளவு மதிப்பா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1996-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர்கள் லேரி பேஜும் செர்கே பிரினும் பேக்ரப் என்றொரு தேடுபொறியைச் செய்துகொண்டிருந்தார்கள். அன்றைய தேடுபொறிகள் பெரும்பாலும் தேடும் சொல் பக்கத்தில் எங்கே, எத்தனை முறை வருகிறது என்றுதான் பார்த்தன. ஒரே சொல்லை நூறு தடவை எழுதியவன் முன்னால் வந்துவிடுவான். இவர்கள் மாற்றி யோசித்தார்கள். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. யூஜின் கார்ஃபீல்டு 1960-களிலேயே அதற்கு அட்டவணை வெளியிட்டிருந்தார். அந்த யோசனையை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். பேஜின் பெயரை ஒட்டி, பேஜ்ரேங்க்.

கணக்கு எளிமையானது. ஒரு பக்கம் தன் மதிப்பெண்ணைத் தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஆகவே எத்தனை பேர் சுட்டினார்கள் என்பதோடு, யார் சுட்டினார்கள் என்பதும் சேரும். முன்பின் தெரியாத நூறு பேரின் சிபாரிசைவிட ஊரறிந்த ஒருவரின் சிபாரிசு பெரிது அல்லவா? அதேதான்.

வினை 2000 டிசம்பரில் வந்தது. கூகிள் வெளியிட்ட டூல்பாரில் ஒரு பச்சைப் பட்டை, நீங்கள் பார்க்கும் பக்கத்தின் பேஜ்ரேங்கை 0 முதல் 10 வரை காட்டியது. கணக்குப் புத்தகத்துக்குள் இருந்த எண் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது! எண் தெரிந்தால் விலை சொல்ல ஆள் வராமல் இருப்பார்களா?

2002 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் செர்ச்கிங் என்ற நிறுவனம், அதிக பேஜ்ரேங்க் உள்ள தளங்களில் இணைப்பு வாங்கித் தரும் தரகு வேலையைத் தொடங்கியது. சீக்கிரமே அதன் சொந்த எண் 8-லிருந்து 4-க்கு இறங்கியது. பிழைப்பே போச்சு என்று அக்டோபரில் கூகிள் மேல் வழக்குப் போட்டார்கள். கூகிள் தெரிந்தே குறைத்ததாக எடுத்துக்கொண்டாலும், பேஜ்ரேங்க் ஒரு கருத்து, கருத்துச் சுதந்திரத்துக்குள் வருவது என்று சொல்லி 2003 மே மாதம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அளவுகோல் என்று நம்பிக் காசு போட்டவர்களுக்கு, அது அடுத்தவருடைய அபிப்பிராயம்தான் என்று தெரிந்தது.

சரி, அந்த எண் இருந்தால் கூட்டம் வருமா? இங்கேதான் பலர் ஏமாந்தார்கள். பேஜ்ரேங்க், நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்று பார்ப்பதே இல்லை. எதைத் தேடினாலும் ஒரு பக்கத்துக்கு அதே மதிப்பெண்தான். வரிசையைத் தீர்மானிக்க வேறு விஷயங்களும் சேரும். உதாரணமாக, இணைப்பில் எழுதியிருக்கும் சொற்கள். 2003-லிருந்து பலர் சேர்ந்து 'மிசரபிள் ஃபெயிலியர்' என்ற சொற்களில் அதிபர் புஷ்ஷின் வெள்ளை மாளிகைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தில் அச்சொற்களே கிடையாது. ஆனாலும் தேடினால் புஷ்தான் முதலில் வந்தார் :-) 2007 ஜனவரியில்தான் கூகிள் இதைச் சரிசெய்தது.

இணைப்புகளே வீண் என்றும் சொல்ல முடியாது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஜே.சி. பென்னி என்ற பெரிய கடை, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் வைக்கப்பட்ட இணைப்புகளால் பல மாதம் முதலிடத்தில் இருந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றது நிறுவனம். கூகிள் கை வைத்ததும் ஒரு பயணப்பெட்டித் தேடலில் இரண்டே மணி நேரத்தில் 1-லிருந்து 71-க்கு விழுந்தது. இணைப்புக்கு அத்தனை பலம் இருந்தது. அதே அளவுக்கு ஆபத்தும் இருந்தது.

பச்சைப் பட்டை 2013 டிசம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. 2016-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் பேஜ்ரேங்கை இன்னும் பயன்படுத்துகிறோம், கூடவே நூற்றுக்கணக்கான மற்ற காரணிகளும் உண்டு என்று 2017-ல் கூகிளின் கேரி இல்யெஸ் சொன்னார். ஆக, கணக்கு உள்ளே தொடர்ந்தது, வெளியே தெரிந்த எண்தான் போனது.

எங்கள் பி.காம். பாடத்தில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. வியாபாரத்தின் நற்பெயர். அதற்கு விலை போடலாம், பேலன்ஸ் ஷீட்டில் காட்டலாம். ஆனால் வியாபாரத்தை விட்டுவிட்டு அதை மட்டும் தனியாகக் கழற்றி விற்க முடியாது. பச்சைப் பட்டையை நம்பியவர்கள் செய்யப் பார்த்தது அதைத்தான். அடுத்த முறை அந்த 'ஆயிரம் பேக்லிங்க்' மின்னஞ்சல் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் செர்ச்கிங்கை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.