காஞ்சிக்கு வந்து சேராத படை

புள்ளலூர் என்றால் காஞ்சிபுரத்துக்காரர்களே சிலர் ‘அது எந்தப் பக்கம்?’ என்பார்கள். காஞ்சியிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஏறக்குறைய ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு குறிப்பிடும் ஊர். நாம் பார்க்கப்போவது அங்கே 1780-ல் நடந்த போரை.

அந்த ஆண்டு ஜூலையில் மைசூரின் ஹைதர் அலி பெரும்படையோடு கணவாய் தாண்டிக் கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். பக்சர் போரில் வென்ற ஹெக்டர் மன்றோ, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் காஞ்சியில் நிறுத்தினார். குண்டூரிலிருந்து வரும் கர்னல் பெய்லி அங்கே வந்து சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆகஸ்ட் 25-ல் கொசஸ்தலையாற்றை அடைந்தார் பெய்லி. தண்ணீர் குறைவுதான், அன்றே கடந்திருக்கலாம். வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவோடு இரவாக ஆறு பெருகியது. செப்டம்பர் 3 வரை அக்கரை சேர முடியவில்லை. என்னைக் கேட்டால், போரின் தலையெழுத்து அந்த ஆற்றங்கரையிலேயே எழுதப்பட்டுவிட்டது.

செப்டம்பர் 6-ல் பெரம்பாக்கத்தில் ஹைதரின் மகன் திப்பு அவரை மறித்தார். பீரங்கிச் சத்தம் காஞ்சி வரை கேட்டது. மன்றோ நகரவில்லை. காரணம், நெல்! படைக்கான தானியம் கோயிலுக்குள் குவிந்திருந்தது. விட்டுப்போனால் ஹைதர் அள்ளிக்கொள்வார் என்ற பயம். ஆயிரம் பேரை மட்டும் தன் அதிகாரி பிளெட்சரோடு அனுப்பினார். வழிகாட்டிகளோ ஹைதரின் ஒற்றர்கள். சந்தேகப்பட்ட பிளெட்சர் வேறு பாதையில் போய்ப் பெய்லியோடு சேர்ந்துவிட்டார்.

9-ம் தேதி இரவு புறப்பட்ட பெய்லி, வழியில் விடியும்வரை தங்கினார். மறுபடியும் ஒரு தங்கல்! 10-ம் தேதி காலை புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. சுமார் 3,800 பேர் கொண்ட படை அழிந்தது, தப்பியவர்கள் கைதிகளானார்கள். மன்றோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். எந்தக் காஞ்சியில் நெல்லுக்காகக் காத்திருந்தாரோ, அந்தக் காஞ்சியே கைவிட்டுப்போனது.

பெய்லி 1782-ல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையில் இறந்தார். புள்ளலூர் வெற்றியைச் சுவரோவியமாக அங்குள்ள தரியா தௌலத் மாளிகையில் திப்பு தீட்டவைத்தார். கைதிகளில் ஒருவரான டேவிட் பெய்ர்டுதான் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டைக்குள் புகுந்த படைக்குத் தலைமை தாங்கியவர்.

1781 ஆகஸ்ட் 27-ல் ஹைதரும் கம்பெனித் தளபதி அயர் கூட்டும் இதே புள்ளலூரில் மோதினார்கள். அதில் மாண்ட ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் ஊரில் உள்ளன. பட்டுச்சேலை எடுக்கக் காஞ்சி போகிறவர்கள் ஒரு நடை அவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.